சத்தம் பிடிக்கிறவர்கள்

2022இல் பெற்றோலுக்கு வரிசை கட்டிய மாதங்களில், யாழ்ப்பாணத்து வீடுகளின் பின்விறாந்தைகளில் வருடக்கணக்காகச் சாத்திக் கிடந்த சைக்கிள்கள் றோட்டுக்கு இறங்கின. றலி, ஹம்பர், லுமாலா, எதுவானாலும் ஒரு சத்தத்தையும் கூட்டிக்கொண்டுதான் வந்தது. காற்றடித்து, தூசி தட்டி, செயினுக்கு எண்ணெய் விட்டு ஏறினால் அரைக் கட்டை போகமுன்னமே எங்கேயோ ஒரு ‘டக்’ கேட்கத் தொடங்கும். உழக்க உழக்க அது மண்டைக்குள் ஏறும். வீட்டுக்கு வந்து சைக்கிளை நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றிப் பார்த்தால் ஒரு சத்தமும் இராது.

பஞ்சர் ஒட்டக் கை போதும். சத்தம் பிடிக்கக் காதும் கணக்கும் வேண்டும். உரும்பிராய்ச் சந்தியை அண்டிய சைக்கிள் கடைகளில் இந்த இரண்டும் கைவந்த மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்து ஊரான இணுவில் தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பேர்போனது. தாளம் பிசகினால் கச்சேரிக்கு முன்வரிசையில் இருக்கிறவர் முகம் சுளிப்பதைப்போல, றோட்டால் போகிற சைக்கிளின் சத்தத்துக்குக் கடைக்குள் இருந்தபடியே நிமிர்ந்து பார்க்கிறவர்கள் இவர்கள்.

சத்தம் கேட்கிற இடத்தில் சத்தம் இல்லை என்பதுதான் இந்த வேலையின் முதல் பாடம். சைக்கிளின் உடல் உள்ளே வெறுமையான உருக்குக் குழாய். காற்றில் ஒலி செக்கனுக்கு 340 மீற்றர் அளவில் போகும். உருக்கில் அது 5,000 மீற்றரைத் தொடும். சீற் கம்பியில் பிறந்த கிறீச்சல் கண்மூடித் திறக்கமுன் நடு அச்சுக்கும் ஹாண்டிலுக்கும் போய்ச் சேர்ந்து, எல்லாக் குழாயையும் அதிரவைக்கும். இதில் காதை நம்பி இடம் தேடுகிறவர் ஏமாறுவார். அனுபவசாலி இடத்தைத் தேடுவதில்லை, காலத்தைத் தேடுகிறார்.

“அண்ணை, பெடலடியில ஒரு சத்தம் கேக்குது.”

“எத்தினை உழக்குக்கு ஒருக்காக் கேக்குது?”

இந்தக் கேள்வியைக் கேட்கிறவரிடம் சைக்கிளை நம்பிக் கொடுக்கலாம். முன்பல்லில் 44 பல்லும் பின்னால் பிரீவீலில் 18 பல்லும் உள்ள சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெடல் ஒருமுறை சுற்றினால் பின்சில்லு ஏறக்குறைய இரண்டரை முறை சுற்றும். 28 அங்குலச் சில்லென்றால் ஐந்தரை மீற்றர் போயிருப்போம். ஒவ்வொரு உழக்குக்கும் ஒருதரம் சத்தம் வந்தால் குற்றம் பெடலில், கிராங்கில், அல்லது நடு அச்சில். ஒரு உழக்குக்கு இரண்டு மூன்று தரம் வந்தால் சில்லைப் பார்க்கவேண்டும். செயினின் கணக்கு வேறு. 112 கண்ணி உள்ள செயின் ஒரு முழுவட்டம் வர இரண்டரை உழக்கு வேண்டும். ஆகவே இரண்டு உழக்குக்கு ஒருதரமும் மூன்று உழக்குக்கு ஒருதரமும் என மாறிமாறி வருகிற ‘டிக்’ எங்கேயோ ஒரு கண்ணி இறுகிப்போய் மடங்க மறுக்கிறது என்று சொல்லும். உழக்கை நிறுத்திச் சும்மா உருளவிட்டாலும் சத்தம் தொடர்கிறதா, சீற்றை விட்டு எழும்பினால் நிற்கிறதா என்று இன்னும் இரண்டு கேள்வி. ஒரு நட்டையும் தொடாமலே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

எல்லாவற்றையும் இறுக்குகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. அவர்கள் சத்தத்தைத் திருத்துவதில்லை, ஒளித்துவைக்கிறார்கள். பெரும்பாலான கிறீச்சல் காய்ந்துபோன இரண்டு உலோக முகங்கள் ஒட்டி, வழுக்கி, திரும்ப ஒட்டுவதால் வருவது. வயலின் கம்பியில் வில் செய்கிற அதே வேலை. அதற்கு மருந்து கழற்றித் துடைத்துக் கிறீஸ் பூசுவது. பெடலைக் கழற்றி மரையில் கிறீஸ் பூசி மாட்டினால் போகிற சத்தத்துக்காக நடு அச்சையே மாற்றியவர்கள் உண்டு. (இடப்பக்கப் பெடலின் மரை எதிர்ப்பக்கமாகச் சுற்றும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கவேண்டும். தெரியாமல் பலம் காட்டினால் மரை போய்விடும்.)

பழைய றலிக்காரர்களின் பெரிய துன்பம் கொட்டர் பின். கிராங்கை அச்சோடு பூட்டிவைக்கிற, விரல் நீளமும் இல்லாத இரும்புத் துண்டு அது. அதன் ஒரு பக்கம் சரிவாகத் தட்டையாக்கப்பட்டிருக்கும். அந்தத் தட்டை முகம் அச்சின் வெட்டில் முழுதாகப் படியவேண்டும். ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும், கால் உச்சியைக் கடந்து கீழே அழுத்தத் தொடங்குகிற கணத்தில் கிராங் கொஞ்சம் அசைந்து ‘டக்’ என்னும். நட்டை இறுக்கினால் சரியாகும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். தெரிந்தவர் பின்னை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். தட்டை முகத்தில் எந்த இடம் பளபளக்கிறதோ அங்கேதான் அச்சுப் பட்டிருக்கிறது, மற்ற இடம் சும்மா. பளபளக்கிற மேட்டை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, திரும்பப் போட்டு, திரும்ப எடுத்துப் பார்ப்பார். முகம் முழுதும் ஒரேயளவாகத் தேய்ந்த அடையாளம் வரும்வரை இது நடக்கும். பிறகு கிராங்கின் கீழே கனமான இரும்புக் குழாயொன்றை நிலத்திலிருந்து முட்டுக் கொடுத்து, சுத்தியலால் அடித்து இறக்குவார். முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுவதும் நடு அச்சின் குண்டுகளுக்குப் போய், குண்டு ஓடுகிற கிண்ணத்தில் பள்ளம் விழும். ‘டக்’ போய்க் ‘கறகற’ வந்துவிடும். நட்டு கடைசியில்தான், அதுவும் மெதுவாக. “நாளைக்கு ஓடிப்போட்டு வாரும் தம்பி, இன்னொருக்கா அடிக்கவேணும்” என்று அவர் சொன்னால் அது வாடிக்கை பிடிக்கிற பேச்சல்ல. புதிதாகப் படிந்த கொட்டர் பின், பாரம் ஏறியதும் கொஞ்சம் தளரும்.

இந்தக் காது சும்மா வந்ததல்ல. 1990 யூனில் யுத்தம் திரும்பத் தொடங்கியபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, எரிபொருளுக்கும் பற்றரிக்கும் தடை. சைக்கிள் இல்லாமல் ஒன்றும் நடக்கவில்லை. அந்த வருடங்களில் பல வீடுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோ தந்த மின்னில் வானொலி கேட்டார்கள். பிபிசி தமிழோசையில் செய்தி போகிறபோது செயின் கறகறத்தால் பாதிச் செய்தி காதில் விழாது, சுற்று தடுமாறினால் குரலும் தடுமாறும். 1995 ஒக்டோபர் 30இல் உரும்பிராய் உட்பட வலிகாமம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்தபோது, வீட்டுச் சாமான்களைக் கரியரிலும் பாரிலும் ஹாண்டிலிலும் கட்டித் தள்ளிக்கொண்டு போனார்கள். சைக்கிளில் வருகிற ஒவ்வொரு புதுச் சத்தத்தையும் கவனிக்காமல் விடமுடியாத காலம் அது.

இப்போது வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் கார்பன் சைக்கிள் கொண்டுவருகிறார்கள். ஏழெட்டுக் கிலோதான், ஆனால் கிறீச்சலில் பழைய றலியைத் தோற்கடிக்கும். கனொண்டேல் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் பிபி30 என்ற முறையைக் கொண்டுவந்தது. நடு அச்சின் பெயாரிங்குக்கு மரை இல்லை, குழாய்க்குள் அப்படியே அழுத்திப் பொருத்துவது. அதன் வழியில் வந்த பல வகைகளில் குழாயின் அளவு இம்மி பிசகினாலும் பெயாரிங் உள்ளே அசைந்து முனகும். இப்போது டிரெக் உட்படப் பல நிறுவனங்கள் திரும்ப மரைக்கு வந்துவிட்டன. மரையை விட்டிருக்கவே கூடாது என்பது என் எண்ணம்.

பாரம் ஏறினால் மட்டும் கேட்கிற சத்தம்தான் பிடிக்கக் கடினம். வேறு ஊர்களில் இதற்கு மேட்டில் ஏறிப் பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்தில் மேடு ஏது? நல்ல சோளகம் அடிக்கிற மாதங்களில் காற்றுக்கு முகம் கொடுத்துப் பலாலி வீதியால் திருநெல்வேலிப் பக்கம் ஓடினால் மேடு ஏறிய கணக்குத்தான். காற்று இல்லாத நாளில் கரியரில் ஒரு ஆளை ஏற்றவேண்டியதுதான். அப்படி ஓடும்போது பின்சில்லில் சின்னதாக ஒரு ‘கிணிங்’ கேட்டு, கரியரில் இருக்கிறவர் இறங்கியதும் அது நின்றுவிட்டால், கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுப் போகிற இடங்களைச் சந்தேகிக்கவேண்டும். பழைய இங்கிலாந்துச் சைக்கிளில் முன்சில்லுக்கு 32 கம்பி, பின்சில்லுக்கு 40. பின்சில்லில் இரண்டிரண்டாக 20 இடத்தில் கம்பிகள் உரசும். கம்பிகளைச் சோடி சோடியாகக் கையால் அமத்தினால் எந்தச் சோடி முனகுகிறது என்பது விரலுக்கே தெரியும். தளர்ந்த கம்பியை இறுக்கி, அந்த 20 இடத்துக்கும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விட்டு, மிச்சத்தைப் பழந்துணியால் துடைத்துவிடவேண்டும். தேங்காயெண்ணெய் கூடாது. துடைக்காமல் விட்டாலோ உரும்பிராய்ச் செம்மண் ஒரு கிழமைக்குள் வந்து அப்பிக்கொள்ளும்.