தலை தாங்கும் கட்டு

நடந்து போகிற யாத்திரைக்கு மூட்டை கட்டுவதும் ஒரு கலை. அந்தக் கலையில் நமக்குக் கைபழகிய சிறந்த வடிவம் எது என்று கேட்டால், சபரிமலை இருமுடி என்றுதான் சொல்வேன். கார்த்திகை பிறந்ததும் கறுப்பும் நீலமும் உடுத்திய சாமிகளின் தலையில் அதைப் பார்க்கிறோம். விரதத்தின் அடையாளமென்று கும்பிட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போகிறோம். அதை ஒரு வழிநடைச் சுமையாக எடுத்துக்கொண்டு, ஏன் இந்த வடிவம், ஏன் இந்த அளவு என்று யோசிப்பது அபூர்வம். யாத்திரை கிளம்புகிற எவரிடமும் ‘சாமான் குறைவாக எடுத்துக்கொள்’ என்று சொல்ல ஆள் இருக்கிறது. எதைக் குறைப்பது, எதைக் கொண்டு அளப்பது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. இருமுடி அதைச் சொல்கிறது. எந்த இடத்தில் இறக்கப் போகிறோம் என்று தெரிந்த பொருளை மட்டும் ஏற்று என்பதே அதன் விதி. கிலோக் கணக்கைவிட இந்த விதி கூர்மையானது என்பதும், தலையில் அதைக் கடைப்பிடிக்கிற நாம் தோள்பையில் அதை மறந்துவிடுகிறோம் என்பதும் என் கட்சி.

பை மிக எளிமையானது. நீளவாக்கில் ஒரு பருத்திப் பை, இரண்டு பக்கமும் ஒவ்வோர் அறை, நடுவில் கட்டு. முன்முடி சாமிக்கு, பின்முடி நடக்கிறவருக்கு. இரண்டையும் ஒரே துணியில் வைத்துப் பிணைத்தவர் யாரோ, நடந்து பழகிய மனிதராகத்தான் இருக்க வேண்டும். தனக்கென்று வைத்துக்கொள்ளும் பங்கு பெருத்தால் கட்டு பின்னால் சரியும். அதைப் பிடித்துப் பிடித்துக் கை ஓயும். கழுத்து வலித்துக் காட்டிக்கொடுக்கும். ஆசைக்கு இவ்வளவு நேரடியாகக் கணக்குக் கேட்கும் பை வேறு எதையும் நான் அறியேன். முன்முடியின் உயிர் நெய்த்தேங்காய். நன்றாக முற்றிய, கீறல் இல்லாத காயாகத் தேடி வாங்குவார்கள். நார் ஒன்று விடாமல் உரித்து, ஓட்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். மூன்று கண்களில் எளிதில் துளை விழும் கண்ணைத் துளைத்து, தண்ணீரை வடித்து, ஈரம் போக வைத்திருந்து, இருமுடி கட்டும் கட்டுநிறையன்று சரணம் சொல்லிக்கொண்டே உருக்கிய பசுநெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுவார்கள். நெய் உறைய ஆரம்பித்திருந்தால் துளையில் இறங்காது. அதற்கென்று கொதிக்கக் கொதிக்கவும் ஊற்ற முடியாது. நிரம்பியதும் தக்கை வைத்து, கசியாதபடி வாயை மெழுகி அடைப்பார்கள். ஒரு சொட்டுக் கசிந்தாலும் பையிலுள்ள அரிசியெல்லாம் பிசுபிசுத்துப்போகும் என்பதால், இந்த ஒரு வேலையை மட்டும் குழுவை வழிநடத்தும் குருசாமிகள் யாரையும் நம்பி விடுவதில்லை. மூட்டை கட்டும் கண்ணோடு பாருங்கள்: நெய்க்கு இதைவிடப் பொருத்தமான ஏனம் கிடைக்காது. எளிதில் உடையாது, நசுங்காது. சன்னிதானத்தில் உடைத்து நெய்யை அபிஷேகத்துக்கு எடுத்ததும், நெய் இருந்த ஓட்டின் ஒரு பாதி அங்குள்ள தீக்குண்டமான ஆழியில் எரிகிறது. ஏனமே காணிக்கையாகிவிடுவதால் திரும்பி வரும்போது தூக்கி வரக் காலி டப்பா என்று ஒன்று மிஞ்சுவதில்லை.

கட்டில் இருக்கும் மற்றவற்றையும் இப்படியே பின்தொடர்ந்து போகலாம். மிளகு ஐயப்பனின் தோழர் வாவர் சன்னிதிக்கு. மஞ்சள்பொடியும் ரவிக்கைத் துணியும் மாளிகைப்புறத்தம்மனுக்கு. அங்கே சன்னிதியைச் சுற்றி உருட்டிவிட ஒரு தேங்காய். பதினெட்டாம் படி ஏறுமுன் உடைக்க இன்னொன்று. முதல் முறை மலைக்கு வரும் கன்னிசாமி எருமேலியிலிருந்து கொண்டுவரும் சரக்கோல் சரங்குத்தியில் குத்திவைக்க. வழி நெடுக இறக்குவதற்கான இடங்கள் இருக்கின்றன. அந்த இடங்களுக்காகத்தான் பொருள்கள் ஏறியிருக்கின்றன. எருமேலியிலிருந்து காட்டு வழியாகப் போகும் பெருவழிப்பாதையில் இந்த ஒழுங்கு இன்னும் துலக்கமாகத் தெரியும். அழுதா நதியில் முழுகி எழும்போது ஆளுக்கொரு கல் எடுத்துக்கொண்டு மேடேறி, கல்லிடும் குன்றில் போட்டுவிட்டுப் போக வேண்டும். மகிஷி என்ற அரக்கி புதைந்த இடத்தில் கல் இடுவதாக அதற்குக் கதை சொல்வார்கள். சுமை குறைப்பது ஒன்றே நோக்கமென்றால் செங்குத்தான ஏற்றத்தில் கல்லைத் தூக்கச் சொல்லும் சடங்கு புத்திக்கு ஒவ்வாது. ஆனால் கல்லும் இந்த விதிக்கு உட்பட்டதுதான். எடுக்கிற இடமும் போடுகிற இடமும் தெரிந்த சுமை அது. அப்படிப்பட்ட சுமையைக் கால் பொறுத்துக்கொள்ளும். எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வைத்த ஒரு கிலோவைத்தான் பொறுக்காது, ஏனென்றால் அதற்கு வழியில் முடிவே கிடையாது. வீட்டிலிருந்து புறப்பட்டு வீட்டுக்கே வந்து சேரும்.

தலையில் சுமப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கென்யாவில் லுவோ இனப் பெண்கள் தலைச்சுமையோடு நடப்பதை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 1986-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை கூடுதல் சக்தி செலவாகாமலே அவர்கள் சுமந்தார்கள் என்பது அதன் முடிவு. தலைச்சுமை என்றாலே கஷ்டம் என்று நினைப்பவர்களுக்கு இதை எடுத்துக்காட்டலாம்தான். ஆனால் அவர்கள் சிறு வயதிலிருந்தே சுமந்து பழகியவர்கள். வருஷத்துக்கு ஒரு முறை தலையில் ஏற்றுகிற, மற்ற நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற கழுத்துக்கு அந்தச் சலுகையை எதிர்பார்ப்பது பிசகு. அதனால் இருமுடியில் நான் மெச்சுவது தலை எவ்வளவு தாங்கும் என்பதை அல்ல. அதிகம் ஏற்ற விடாத அதன் கண்டிப்பைத்தான். கட்டைப் பிடிக்க ஒரு கை எப்போதும் மேலே போய்விடுகிறது. மிச்சம் இருப்பது ஒரு கை. குனிந்து நடக்க முடியாது, அவசரமாகத் திரும்ப முடியாது, இறக்கி வைப்பதென்றாலும் துணி விரித்து, முடிந்தால் குருசாமி கையால்தான் இறக்க வேண்டும். காலோ வெறுங்கால். பம்பையிலிருந்து சன்னிதானம்வரை சுமார் ஐந்து கிலோமீட்டர், அதில் நீலிமலையும் அப்பாச்சிமேடும் மூச்சை முட்ட வைக்கும் ஏற்றம். செருப்பு இல்லாத உள்ளங்காலுக்குக் கால் கிலோ கூடினாலும் தெரியும். அந்த ஏற்றத்தில் இதய நோய்க்கான அவசர சிகிச்சை மையங்கள் வைத்திருப்பதே சுமையை விளையாட்டாக நினைக்கக் கூடாது என்பதற்குச் சான்று.

இதற்கு முதல் மறுப்பு பெரியவர்களிடமிருந்து வரும். அந்தக் காலத்தில் பின்முடியில் அரிசி, பருப்பு, புளி, மிளகாய் எல்லாம் கட்டிக்கொண்டு, அழுதாவிலும் கரிமலையிலும் தங்கி, கல் கூட்டிப் பொங்கிச் சாப்பிட்டுத்தானே போனார்கள், அப்போது கட்டு கனமாகத்தானே இருந்தது என்பார்கள். உண்மை. கடை இல்லாத காட்டில் பல வேளைச் சோற்றைச் சுமக்காமல் போக முடியாது. ஆனால் அந்தக் கனமும் இறங்க இடம் தெரிந்த கனம்தான். தங்குகிற ஒவ்வொரு தாவளத்திலும் ஒரு வேளைச் சாப்பாடு இறங்கியது. சன்னிதானத்தை நெருங்க நெருங்கப் பின்முடி வற்றிக்கொண்டே வந்தது. இன்று வழியெங்கும் அன்னதானம் இருக்கிறது, கடை இருக்கிறது. கோயிலை நிர்வகிக்கும் தேவஸ்வம் போர்டு சுக்கும் வெட்டிவேரும் பதிமுகமும் போட்டுக் காய்ச்சிய மருந்துத் தண்ணீரைப் பாதையோரத்தில் கொடுக்கிறது. பொங்கித் தின்னாத யாத்திரையில் பல படி அரிசியைச் சுமப்பது முன்னோரைப் பின்பற்றுவது ஆகாது. அவர்கள் தேவைக்குச் சுமந்தார்கள். நாம் பழக்கத்துக்குச் சுமக்கிறோம். கட்டுநிறையில் சரணம் சொல்லி மூன்று முறை அள்ளிப் போடுகிற அரிசி போதும் என்பது என் தீர்மானமான கருத்து. வீட்டுப் பெரியவர்கள் ஆளுக்கொரு கை போட வேண்டுமென்றால், கையளவைச் சுருக்கிக்கொள்ளலாம். அதுபோலவே சொந்தக்காரர்கள் கொடுத்தனுப்பும் நெய்த்தேங்காய்கள். நான்கு சேர்ந்தாலே இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். வர முடியாதவர்களுக்காக ஒன்று கொண்டுபோவது பெரிய பேறு. கேட்ட எல்லோருக்கும் சரியென்று சொல்வது கழுத்துக்குச் செய்கிற கொடுமை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. சாமிக்குக் கொண்டுபோவதில் சிக்கனம் பார்க்கலாமா? இதற்கு நான் என் வாயால் பதில் சொல்ல வேண்டியதில்லை. 2024-இல் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டே, கோயில் தந்திரியின் யோசனைப்படி, கற்பூரம், ஊதுபத்தி, பன்னீர் மூன்றையும் இருமுடியில் கொண்டுவர வேண்டாமென்று பக்தர்களைக் கேட்டுக்கொண்டது. அவற்றில் பெரும்பங்கு சன்னிதானத்தில் பயன்படாமல் குப்பைக்குத்தான் போகிறது. இருமுடியில் பிளாஸ்டிக் கூடாதென்று கேரள உயர்நீதிமன்றம் அதற்கு முன்பே சொல்லிவிட்டது. கடைகளில் தொங்கும் ‘இருமுடி செட்’டைப் பிரித்துப் பார்த்தால் காரணம் விளங்கும். விரல் நீளப் பன்னீர்ப் பாட்டில், சிட்டிகைச் சந்தனத்துக்கு ஒரு டப்பா, பேரீச்சைக்கும் கற்கண்டுக்கும் ஒவ்வொரு உறை. உள்ளே இருப்பதைவிட உறைதான் அதிகம். இந்த உறைகள் போய்ச் சேருவது சாமியிடம் இல்லை. சபரிமலை இருப்பது பெரியார் புலிகள் காப்பகத்துக்குள். வெல்லமும் பழமும் பட்ட உறையை அங்குள்ள விலங்குகள் தின்றுவிடுகின்றன. ஐயப்பனின் பூங்காவனம் என்று நாம் கும்பிடுகிற காட்டில் இப்படி நடக்க விட்டுவிட்டு, குறைத்தால் பக்தி குறையும் என்று வாதாடுவது எப்படிப் பொருந்தும்? மஞ்சளையும் மிளகையும் வெள்ளைத் துணியில் சின்னப் பொட்டலமாக முடிந்தால் இடத்தையும் அடைக்காது, கிழியாது, அவிழ்த்த துணி முகம் துடைக்கவும் ஆகும். அவலையும் பொரியையும் தேங்காயைச் சுற்றித் திணித்தால் காய் அசையாது. இந்தச் சின்னச் சின்னக் கைவேலைகளில்தான் நல்ல குருசாமியின் கட்டு தெரிகிறது. குலுக்கினால் சத்தம் வராது.

இனி தோள்பை. விதி தளர்வது இங்கேதான். தலையில் சாமியின் கட்டு ஒழுங்காக இருக்க, தோளில் நான்கு வேட்டி, மூன்று துண்டு, கம்பளி, முறுக்கு டப்பா, போன் சார்ஜர், பவர் பேங்க், ஊருக்கெல்லாம் போதுமான தைலம் என்று ஏறிவிடுகிறது. பம்பையில் இதன் விளைவைப் பார்க்கலாம். குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிடும் பழக்கம் ஒன்று பரவி, நீதிமன்றம் தலையிட்டுத் தடுக்கும் அளவுக்கு வளர்ந்தது. அதைப் பாவம் தொலைக்கும் சடங்கென்று சொல்கிறார்கள். ஐதீகத்தில் அதற்கு இடமில்லை என்று கோயில் பொறுப்பிலுள்ளவர்களே சொல்லிவிட்டார்கள். விட்டுப் போக மனம் வருகிற அளவுக்கு மாற்றுத்துணி பையில் இருந்தது என்பதுதான் எனக்குத் தெரிகிற காரணம். உடுத்தியது ஒன்று, மாற்றுக்கு ஒன்று, துவட்ட ஒரு துண்டு. ஈரத்தைப் பிழிந்து தோளில் போட்டால் ஏறுகிற சூட்டிலேயே பாதி காய்ந்துவிடும். போர்வை வேண்டும், மார்கழிக் காட்டில் விடியற்காலைக் குளிர் கடுமை. ஆனால் அதே போர்வையை மடித்துக் கட்டுக்கு அடியில் சும்மாடாக வைத்துக்கொள்ளலாம், உட்காருகிற இடத்தில் விரிக்கலாம், இரவில் போர்த்தலாம். ஒரே பொருள் மூன்று வேலை செய்கிறதென்றால் அது பையில் இருக்கத் தகுதியானது.

மருந்து, டார்ச் இதெல்லாம் எங்கே இறங்கும், அதற்கும் உங்கள் விதி உண்டா என்று கேட்கலாம். உண்டு. இறக்குகிற இடத்துக்குப் பதிலாக, கையில் எடுக்கிற நேரத்தைக் கேளுங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பாட்டுக்கு முன். ரத்த அழுத்த மாத்திரை காலையில். டார்ச் அதிகாலை ஏற்றத்தில். இப்படி நேரம் சொல்ல முடிகிற எதையும் குறைக்கச் சொல்ல மாட்டேன். வயதானவருக்கும் குழந்தைக்கும் பட்டியல் நீளமாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டுச் சரணத்தை நம்பி ஏறுவது தைரியம் இல்லை, கூடவருகிறவர்களுக்கு இழைக்கும் தீங்கு.

இந்த இடத்தில் எழும் கேள்வியைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன். கையை வீசிக்கொண்டு லேசாக ஏறுகிறவருடைய சுமையை வேறு யாரோ சுமக்கிறார்கள் அல்லவா? அன்னதானச் சோற்றுக்கான அரிசி தானாக மலையேறுவதில்லை; அதை ஏற்றுகிற தோளும் வண்டியும் இருக்கின்றன. வசதியுள்ளவரின் எளிமை மற்றவர் உழைப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் இதற்கான வழியும் பழைய யாத்திரைக் குழுக்களிடமே இருக்கிறது. குழுவுக்கு ஒரு பாத்திரம், ஒரு கத்தி, ஒரு மருந்துப் பை என்று பங்கு பிரித்துக்கொண்டு, முடியாதவர் பங்கை முடிந்தவர் முறை வைத்துத் தூக்கினார்கள். பத்துப் பேர் பத்து டார்ச்சைச் சுமக்கிற யாத்திரை, பத்துத் தனி ஆட்களின் யாத்திரை. தன் சுமையைக் குறைத்துக்கொண்டவருக்குத் தோள் காலியாக இருக்கிறது. அப்பாச்சிமேட்டில் தள்ளாடுகிற ஒரு பெரியவரின் பையை அந்தத் தோளில் வாங்கிக்கொள்ளலாம். அப்படி வாங்கிக்கொள்ளாத எளிமையை நான் பாராட்ட மாட்டேன்.

இந்த வருஷம் மாலை போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கடையில் செட் வாங்காதீர்கள். கட்டுநிறைக்கு முதல் நாளே தலைக்கும் தோளுக்கும் போகிற எல்லாவற்றையும் ஒரு பாயில் பரப்பி வையுங்கள். ஒவ்வொன்றையும் எங்கே இறக்குவீர்கள், எப்போது கையில் எடுப்பீர்கள் என்று உங்கள் குருசாமியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பதில் வராததை எடுத்து வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பிறகு தோள்பையை மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு உங்கள் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பாருங்கள். இன்னும் எடுத்துவிட வேண்டியது எது என்று அப்போது தெரியும்.