அரைமணி நேர வயலின்

அரியலூரில் திருச்சி ரயில் ஏறினால் கல்லக்குடி, புள்ளம்பாடி தாண்டியதும் லால்குடி வந்துவிடும். வயலினைப் பாட வைத்தவர் என்று ரசிகர்கள் சொல்லும் லால்குடி ஜெயராமனின் (1930–2013) ஊர். எதிர்த்திசையில் உடையார்பாளையம், அங்கே ஜமீன் ஆதரவில் வாழ்ந்தவர் கனம் கிருஷ்ணையர். பொப்பிலி கேசவையாவிடம் கன மார்க்கம் என்ற பாடும் முறையைக் கற்று, வேறு எதையும் நினைக்காமல் அதிலேயே கிடந்து கைவரச் செய்தவர். அந்த மாதிரி உழைப்புக்கு இசைக்காரர்கள் வைத்த பெயர் அசுர சாதகம்.

இன்று பெரம்பலூரிலும் அரியலூரிலும் வயலின் கற்கும் பிள்ளைக்கு அசுரனாக நேரம் ஏது? பெரம்பலூரில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. மூன்றாண்டுப் படிப்பில் வயலினும் உண்டு. ஆனால் அது முழுநேரம் வரக்கூடியவர்களுக்கு. மற்றவர்களுக்கு வாரம் ஒரு வகுப்பு, பள்ளி, டியூஷன், டவுன் பஸ், இவற்றுக்கு நடுவே கிடைக்கும் அரைமணி. சிமென்ட் ஆலையில் ஷிப்ட் முடித்து வந்து நாற்பது வயதில் வில் பிடிப்பவருக்கு அதுவும் சில நாள் கிடையாது. “தினமும் அரைமணி போதும், விடாமல் பண்ணு” என்பது ஆசிரியர்கள் சொல்லும் சமாதானம். பழைய தலைமுறை வித்வான்களோ இதைக் கேட்டால் சிரிப்பார்கள். இரண்டு பக்கத்திலும் பாதி உண்மை இருக்கிறது.

முதலில் அந்த அரைமணி எப்படிக் கழிகிறது என்று பார்க்க வேண்டும். பிரடையைத் திருகிச் சுருதி சேர்ப்பதில் ஐந்து நிமிடம் போகும். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, ஜண்டை வரிசை மூன்று காலத்தில் பத்து நிமிடம். பிறகு மோகன வர்ணம், பல்லவியில் தொடங்கிக் கடைசிச் சிட்டை வரை ஒரு தடவை. சரணத்தின் நீளமான எத்துக்கடை ஸ்வரத்தில் கை இடறும்; இடறிக்கொண்டே தாண்டிப் போய் முடித்து, வயலினைப் பெட்டியில் வைத்தாகிவிடும். அந்த இடம் ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை வாசிக்கப்படுகிறது, அதுவும் தப்பாக. வராத இடத்துக்குப் பத்து விநாடி, ஏற்கெனவே வந்துவிட்ட இடங்களுக்கு மீதி எல்லாம். இதற்குச் சாதகம் என்று பெயர். நடப்பது பாடம் ஒப்பித்தல்.

இசைப் பயிற்சி ஆய்வாளர் ராபர்ட் டியூக்கும் அவருடைய சகாக்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தைத்தான் தொடுகிறது. ஷோஸ்டகோவிச்சின் பியானோ கச்சேரி இசையிலிருந்து சிக்கலான ஒரு சிறு பகுதியைத் தேர்ந்த 17 பியானோ மாணவர்களிடம் கொடுத்து, விருப்பம்போல் பயிற்சி செய்யச் சொன்னார்கள். மறுநாள் நன்றாக வாசித்தவர்கள் அதிக நேரம் செலவிட்டவர்களோ அதிக தடவை வாசித்தவர்களோ அல்ல. தவறு எங்கே என்று துல்லியமாகக் கண்டு, அங்கேயே நின்று, வேகத்தைக் குறைத்து, சரியாகும்வரை நகராதவர்கள். மொத்தத் தடவைகளில் சரியானவை எத்தனை பங்கு என்பதே கணக்கில் வந்தது.

குறுகிய சாதகத்தின் பலமும் இங்கேதான். நேரம் குறைவு என்று தெரிந்தால் மனம் பொறுக்கி எடுக்கப் பழகும். ஹங்கேரிய வயலின் ஆசிரியர் கார்ல் ஃப்ளெஷ் 1911-இல் ‘ஊர்ஷ்டூடியன்’ என்ற பயிற்சித் தொகுப்பை வெளியிட்டபோது, நேரமில்லாத வாத்தியக்காரர்களையே மனத்தில் வைத்திருந்தார். விரலை வைத்து எடுப்பது, கை இடம் மாறுவது, வில் தந்தி மாறுவது என்று நுட்பத்தை அடிப்படை அசைவுகளாகப் பிரித்து, கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் தொட்டுவிடும்படி அமைத்தார்.

நம் பாடத்திட்டத்திலும் இதற்கு விதை இருக்கிறது. ஜண்டை வரிசை என்பது வெறும் இரட்டை ஸ்வரம் அல்ல. இரண்டாவது ஸ்வரத்தில் விழும் ஸ்புரித அழுத்தம்தான் அதன் உயிர். அந்த ஒன்றை மட்டும், ஒரே ராகத்தில், ஐந்து நிமிடம் கேட்டுக் கேட்டு வாசித்தால் இடது கை தெளியும். ஒரே அலங்காரத்தை வில்லுக்கு ஒரு ஸ்வரம், நான்கு, எட்டு என்று மாற்றினால் வலது கைக்கும் வேலை கிடைக்கும். ஏழு அலங்காரத்தையும் ஓட்டி முடிப்பதைவிட இது மேல். மூன்று காலத்திலும் தினம் எல்லா வரிசையும் வாசித்தே ஆகவேண்டும் என்ற வழக்கம், நாளெல்லாம் குருவின் வீட்டிலேயே இருந்த சீடனுக்காக உண்டானது. அரைமணிக்காரனுக்கு அதை அப்படியே மாட்டுவது அப்பாவின் சட்டையைப் பிள்ளைக்குப் போடுவது மாதிரி.

ஆனால் பலவீனம் சின்னதல்ல. விரல் கணக்குப் புரிந்துகொள்ளும். வில் கை அப்படியல்ல. ஸட்ஜத்தில் நீளமாக ஒரு வில், தொடக்கத்திலும் நடுவிலும் முனையிலும் நாதம் மெலியாமல், கரகரக்காமல் இழுப்பதற்குத் தோளும் மணிக்கட்டும் தளர வேண்டும். பல பேருக்கு அந்தத் தளர்ச்சி பதினைந்து, இருபது நிமிடம் கழித்தே வரும். அரைமணிக்காரர் அப்போது கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியிருப்பார். கமகம் இன்னும் மோசம். தோடி காந்தாரத்தின் அசைவை எந்தப் பயிற்சிப் புத்தகமும் அசைவுகளாக உடைத்துத் தர முடியாது. கேட்டு, வாசித்து, திரும்பக் கேட்டு, பல நாள் ஊறி வருவது. அதோடு உடல் தாங்கும் சக்தி வேறு: அரைமணி மட்டுமே வாசித்துப் பழகியவர் இரண்டரை மணி நேரக் கச்சேரிக்குப் பக்கவாத்தியமாக உட்கார்ந்தால் தனி ஆவர்த்தனத்துக்கு முன்பே கை ஓய்ந்துவிடும்.

நேரத்துக்கு மதிப்பில்லை என்று வாதிடவும் முடியாது. உளவியலாளர் எரிக்சன் குழு 1993-இல் வெளியிட்ட பெர்லின் ஆய்வில், மேல்நிலை வயலின் மாணவர்கள் வாரம் சுமார் 24 மணி நேரம் தனியாகச் சாதகம் செய்தார்கள். இசை ஆசிரியராகப் போகிறவர்கள் 9 மணிக்குச் சற்று மேல். பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் யாரும் மேதையாகலாம் என்ற கதை பிறந்தது இதிலிருந்துதான். 2019-இல் மக்னமாராவும் மைத்ராவும் அந்த பெர்லின் ஆய்வைத் திரும்பச் செய்து பார்த்தபோது, நல்ல மாணவர்களும் மிகச் சிறந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு உழைத்திருந்தார்கள். மணிக்கணக்கு ஒரு வாசல்வரை கொண்டுபோய் விடுகிறது. அதற்குப் பிறகு அது மட்டும் போதவில்லை. அரைமணிக்காரர் அந்த வாசலுக்கே வந்து சேர்வது தாமதமாகும் என்பதை ஆசிரியர்கள் மறைக்காமல் சொல்வது நல்லது.

கருவி இல்லாத நேரத்தைச் சேர்த்துக்கொள்வது ஒரு வழி. கர்நாடக வயலின்காரருக்கு இதில் அதிர்ஷ்டம்: வாசிப்பதையெல்லாம் வாயால் பாடலாம். இடறும் எத்துக்கடையை ரயிலிலோ பஸ்ஸிலோ முணுமுணுத்து, தொடையில் தாளம் போட்டு, விரல் எங்கே விழும் என்று மனத்துக்குள் பார்க்கலாம். நரம்பியலாளர் பாஸ்குவல்-லியோன் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து விரல் பியானோப் பயிற்சியை மனத்திலேயே செய்தவர்களின் மூளையிலும், கையால் செய்தவர்களைப் போன்ற மாற்றம் தெரிந்தது. கை வாசிப்பில் பின்தங்கினாலும், கருவியில் ஒரே ஒரு அமர்வு பயின்றதும் பெரிதும் ஈடுகட்டிவிட்டார்கள். ஆனால் சுருதி இன்னும் காதில் உட்காராத தொடக்கக்காரருக்கு இதை ஊட்டக்கூடாது. அவர் தப்பையே மனப்பாடம் செய்வார்.

இந்த மண்ணிலேயே வளர்ந்த உ.வே.சாமிநாதையர் கதையும் நினைவுக்கு வருகிறது. தந்தை வேங்கடசுப்பையர் கனம் கிருஷ்ணையரின் சீடர். குடும்பம் அரியலூரிலும் குன்னத்திலும் இருந்தது. சாமிநாதையர் மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படித்துக்கொண்டே கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதமும் கற்றார். பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை, சங்கீதம் நின்றது. மணி குறைவு என்பது அங்கே பிரச்சினையே இல்லை. கவனம் இரண்டாகப் பிரியும் என்பதே ஆசிரியரின் கவலை. செல்போன் பக்கத்தில் ஒளிர, வில்லும் போடுகிற அரைமணியைப் பார்த்தால் பிள்ளை என்ன சொல்லியிருப்பாரோ.

ஆகவே திங்கள் முதல் சனி வரை பொறுக்கி எடுத்த இருபது நிமிடம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் குறையாமல் ஒன்றரை மணி. அதில் முதல் அரைமணி வெறும் நீள வில். வகுப்பிலும் ஒன்று மாறியாக வேண்டும். வாரம் ஒருமுறை வரும் மாணவரிடம் வர்ணத்தை முதலிலிருந்து வாசிக்கச் சொல்லி நேரத்தைத் தீர்க்காமல், “இந்த வாரம் எங்கே இடறிச்சு?” என்று ஆசிரியர் கேட்டு, அந்த இரண்டு ஆவர்த்தனத்திலிருந்து தொடங்கலாம்.