அட்டவணைக்குள் அடங்காத குருகு

தமிழ் முதுகலை படிக்கும் ஒருவரிடம் அமைப்பியல் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். சசூர், குறிப்பான், குறிப்பீடு, லெவி ஸ்ட்ராஸ் என்று தடையில்லாமல் ஒப்பிப்பார். ஒரு குறுந்தொகைப் பாட்டை நீட்டி, இதில் பேசுவது யார், ஏன் இந்த நேரத்தில் பேசுகிறார் என்று கேட்டால் உரைநூலைத் தேடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. திறனாய்வுத் தாள் அப்படித்தான் அமைந்திருக்கிறது. அலகுக்கு இரண்டு மூன்று அணுகுமுறைகள். ஒவ்வொன்றுக்கும் தோற்றம், முன்னோடிகள், கூறுகள், குறைகள். பருவத் தேர்வில் ‘குறிப்பு வரைக’. நெட் தேர்வுக்குப் போனால் அதுவும் சுருங்கி, அறிஞரையும் கோட்பாட்டையும் பொருத்துகிற வேலையாகிவிடுகிறது.

இதைப் பார்த்து, ‘கோட்பாடே வேண்டாம், பாட்டைப் படித்து ரசித்தால் போதும்’ என்கிற பேராசிரியர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. டெரி ஈகிள்டன் 1983-இல் வெளியிட்ட கோட்பாட்டு அறிமுக நூலில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. கோட்பாடு பிடிக்காது என்று சொல்லும் பொருளாதார அறிஞர்கள் பழைய கோட்பாடு ஒன்றின் பிடியில் இருப்பவர்களே என்று கெய்ன்ஸ் சொன்னதை அவர் இலக்கியத்துக்குப் பொருத்துகிறார். நம் வகுப்பறை ரசனைக்கும் அது அப்படியே பொருந்தும். நல்ல இலக்கியம் அறம் சொல்லும், கவிஞர் நினைத்ததே பொருள், சங்ககாலம் பொற்காலம் என்பவை எல்லாமே கோட்பாடுகள்தாம். பெயர்ப்பலகை மாட்டாத கோட்பாடுகள் என்பதால் மறுப்பதுதான் கடினம். புறநானூற்றில் இழிசினன் என்று அழைக்கப்படுகிறவன் யார், அவன் எங்கே குடியிருந்தான் என்று ஒரு மாணவர் எழுந்து கேட்டால், ரசனை வகுப்பில் அது அபசகுனம். திறனாய்வு வகுப்பில் அது முறையான கேள்வி. ராஜ் கௌதமன் ‘பாட்டும் தொகையும் தொல்காப்பியமும் தமிழ்ச் சமூக உருவாக்கமும்’ எழுதியது இப்படிப்பட்ட கேள்விகளை விடாமல் துரத்தித்தான். கோட்பாடு தருகிற முதல் லாபம் இந்தத் துணிச்சல். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிறவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

இரண்டாவது லாபத்துக்கு க. கைலாசபதி நல்ல சாட்சி. 1968-இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்த தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றிய அவருடைய ஆங்கில நூல், ஹோமரின் காப்பியங்களை வாய்மொழி மரபில் வைத்துப் படித்த மில்மன் பேரி, ஆல்பர்ட் லார்ட் ஆகியோரின் முறையைச் சங்கப் பாடல்கள் மேல் வைத்துப் பார்த்தது. ஒரே தொடர் பல பாடல்களில் திரும்பத் திரும்ப வருவதைச் சொல்வறுமை என்றோ மரபு வழுவாமை என்றோ அதுவரை கடந்துபோக முடிந்தது. அவை பாணர் தம் நினைவிலிருந்து கட்டிப் பாடிய வாய்பாடுகள் என்றார் கைலாசபதி. ஜார்ஜ் ஹார்ட் 1975-இல் இதை மறுத்தார்: இவை பாணர் பாட்டின் சாயலில் எழுத்தறிந்த புலவர்கள் செய்தவை என்பது அவர் கட்சி. இந்த வழக்கை வகுப்பில் நடத்தினால் ஒரு மாதம் ஓடும், அத்தனை சுவையானது. பாடநூல்களிலோ கைலாசபதி ‘மார்க்சிய அணுகுமுறை’ என்ற தலைப்பின் கீழ் ஒரு வரியாக நிற்கிறார். ஹார்ட் பெரும்பாலும் அங்கே இல்லை. பாடலைக் காட்டி மறுக்கக்கூடிய ஒரு ஊகம்தான் கோட்பாடு என்பது மாணவர் காதில் விழுவதே இல்லை.

குறை அங்கேதான் தொடங்குகிறது. கோட்பாட்டைச் சூத்திரமாக வாங்கிக்கொண்டவர் அதை எதன் மேலும் ஏற்றிவிடலாம். ‘பெண்ணிய நோக்கில்’, ‘உளவியல் நோக்கில்’ என்று முடிகிற ஆய்வேடுகளின் தலைப்பில் நாவலின் பெயரை மட்டும் மாற்றிப் பாருங்கள், இயல் பகுப்பு அசையாது. நாவலாசிரியர் வரலாறு ஓர் இயல், பெண்ணியத்தின் தோற்றமும் வளர்ச்சியும் ஓர் இயல், மூன்றாவது இயலில் பாத்திரங்களின் பட்டியல். எல்லா நாவலும் எல்லாக் கோட்பாட்டுக்கும் தலையாட்டுகிறது. எதற்கும் தலையாட்டுகிற சாட்சியை எந்த நீதிமன்றம் நம்பும்?

கபிலரின் குறுந்தொகைப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம், இருபத்தைந்தாம் பாட்டு. தலைவி பேசுகிறாள். அன்றைக்கு வேறு யாருமில்லை, அவன் மட்டும்தான் இருந்தான், அவனோ கள்வன்; அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள். பிறகு ஏதோ நினைவு வந்தவள்போல ஒன்று சேர்க்கிறாள்: ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்துக்கொண்டு, தினைத்தாள் போன்ற மெல்லிய காலுடைய குருகு ஒன்றும் அங்கே நின்றது. ஐந்தே அடி, பாட்டு முடிந்துவிட்டது.

முதலில் அந்தப் பறவையிடமே நிற்க வேண்டும். இருந்த ஒரே சாட்சி வாய் பேசாதது. அது மீன் மேல் கண்ணாக இருந்ததால் எதையும் பார்த்திருக்கவும் வாய்ப்பில்லை. அல்லது, இரைக்காக அசையாமல் காத்திருந்து, கிடைத்ததும் பறந்துவிடுகிற அந்தப் பறவையைச் சொல்லும் சாக்கில் அவள் அவனைத்தான் சொல்கிறாளா? மூன்றுக்கும் பாட்டு இடம் கொடுக்கிறது. இதைப் பேசி முடித்த பிறகு, ஒரு பெண்ணின் சொல் செல்லுபடியாக ஏன் இன்னொரு சாட்சி தேவைப்படுகிறது என்ற பெண்ணியக் கேள்வியை யாரும் திணிக்க வேண்டியதில்லை, தானாக வந்து நிற்கும். பொய்யும் வழுவும் தோன்றிய பின்பே மணச்சடங்குகள் வகுக்கப்பட்டன என்று தொல்காப்பியக் கற்பியல் சொல்வதையும் அப்போது பக்கத்தில் வைக்கலாம். வரலாற்று அணுகுமுறை அந்த இடத்தில் உயிர் பெறும். இனி ஒருவர், தினை வருகிறதே, தினைப்புனத்தில் உழைத்தவர் யார், வர்க்க முரண் எங்கே என்று கேட்கட்டும். கேள்வி தவறில்லை, ஆனால் தினை இங்கே காலுக்கு உவமையாக மட்டுமே வந்திருக்கிறது, அதற்கு மேல் சுமக்காது. பாட்டு அவரை மறுக்கிறது. எது எடுபடும், எது எடுபடாது என்று இப்படி ஒரு பாட்டிலேயே பார்த்துவிட்டவரிடம் பிறகு எந்தக் கோட்பாட்டு நூலைக் கொடுத்தாலும் பயமில்லை.

இன்னொன்றும் உண்டு. பாட்டின் கீழே, திருமணம் தள்ளிப்போனபோது தலைவி தோழியிடம் சொன்னது என்று ஒரு கூற்றுக் குறிப்பு அச்சிடப்பட்டிருக்கும். மாணவர்கள் அதையும் கபிலர் எழுதியதாகவே படிக்கிறார்கள். அது பின்னால் வந்த ஒருவரின் வாசிப்பு, நமக்குக் கிடைக்கிற முதல் திறனாய்வு. அந்தக் குறிப்பைக் கையால் மறைத்துவிட்டுப் படித்தால் அவள் தனக்குத்தானே புலம்புவதாகவும் தோன்றும். பிரதிக்கு வெளிச்சட்டம் போடுவது யார் என்பதைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்துதான் தொடங்கிச் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை.

உடனே, பார்த்தீர்களா, நம்முடைய கோட்பாடே போதும் என்று சிலர் கிளம்புவார்கள். திணைக் கோட்பாட்டை நாம் கற்பிக்கிற லட்சணம் என்ன? முதல், கரு, உரி என்று கரும்பலகையில் ஐந்து கட்டம் போட்டு, குறிஞ்சிக்குக் கிளி மயில், மருதத்துக்கு நாரை என்று நிரப்புகிறோம். கபிலர் பாட்டு குறிஞ்சி. நீர்ப்பறவையான குருகுக்கு அந்தக் கட்டத்தில் இடமே இல்லை. ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் இன்னொரு நிலத்தில் வந்தால் வந்த நிலத்துக்கு உரியனவாகவே கொள்ளலாம் என்று தொல்காப்பியர் தாராளமாக வழி விட்டிருக்கிறார். கருப்பொருளின் வகைகளை மட்டும் சொல்லி அவர் நிறுத்திக்கொள்ள, பெயர் பெயராக நிரப்பிய பட்டியலை உரைகளிலிருந்தும் நம்பியகப்பொருளிலிருந்தும் நாம் எடுத்துக்கொண்டோம். ஆகவே கோட்பாடு தொல்காப்பியருடையதா, தெரிதாவுடையதா என்பது இங்கே பிரச்சினையே இல்லை. மனப்பாடக் கட்டத்தில் அடைத்தால் இரண்டும் ஒன்றாகவே செத்துப்போகின்றன.

கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் 1920-களில் பெயரும் காலமும் நீக்கிய கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து எழுதச் சொன்னார். வந்த விடைகளை அலசி 1929-இல் நூலாக்கினார். நேர்ப்பொருளையே பிடிக்கத் தெரியாமல் நன்றாகப் படித்த பிள்ளைகள் தடுமாறியது அதில் பதிவாகியிருக்கிறது. அவர் வகுத்த தடைகளில் கொள்கைப் பற்றும் ஒன்று. பின்னால் வந்தவர்கள், வரலாற்றைக் கழற்றிவிட்டுக் கவிதையை அநாதையாக்கியவர் என்று அவரைச் சாடினார்கள்; அதில் நியாயம் உண்டு. 1959-இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கி அலசல் முறையை வற்புறுத்தியபோதும் ஏறத்தாழ இதே வாதங்கள் எழுந்தன. ஆனாலும் தொடக்க வகுப்புக்கு ரிச்சர்ட்ஸ் வழியைவிட மலிவான சாதனம் வேறில்லை. ஒரு தாளில் ஒரு பாட்டு, அரை மணி நேரம், கைடு கிடையாது.

தேர்விலும் இதைச் செய்யலாம். பெயரில்லாத பாட்டு ஒன்றை அச்சிட்டு, இதைப் பெண்ணிய நோக்கில் படித்தால் எந்த வரி ஒத்துவராது என்று கேட்கலாம். சிக்கல் விடைத்தாள் திருத்தும் முகாமில் வரும். இரண்டு பேர் எதிரெதிராக எழுதி இருவருமே வரியைக் காட்டி நிறுவியிருந்தால் விடைக்குறிப்பில் எதை அச்சிடுவது? நாளொன்றுக்கு இத்தனை தாள் என்று ஒதுக்கப்பட்ட ஆசிரியருக்கு அதைப் படித்து முடிவுசெய்ய நேரம் எங்கே? கல்விக்குழுக் கூட்டங்களில் புதுப்புதுக் கோட்பாடுகளைப் பாடத்திட்டத்தில் சேர்க்கக் காட்டும் உற்சாகத்தில் கொஞ்சத்தை இந்தக் கேள்விகளுக்கும் ஒதுக்கினால், இரண்டு அலகுகளைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடலாம். எந்த இரண்டு என்று கேட்டால் நான் குலுக்கிப் போட்டு எடுக்கச் சொல்வேன்.