பவுண்டர்பியின் பொய்யும் டிக்கன்ஸின் தடுமாற்றமும்

சாள்ஸ் டிக்கன்ஸின் 'ஹார்ட் ரைம்ஸ்' (1854) நாவலில் வரும் ஆலை முதலாளி பவுண்டர்பி, தாயாற் கைவிடப்பட்டுச் சாக்கடையிற் கிடந்து தன் முயற்சியாலேயே உயர்ந்தவன் என்று ஓயாது பறைசாற்றுகிறான். தொழிலாளர் குறைகூறினால், ஆமைச் சூப்பும் மான் இறைச்சியும் பொற்கரண்டியில் உண்ண ஆசைப்படுகிறார்கள் என ஏளனஞ் செய்கிறான். இவ்விரு கூற்றுகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்பன. செல்வம் தனிமனித ஆற்றலின் விளைவெனின், அதிற் பங்கு கேட்பது பேராசையாகிவிடுகிறது. இறுதியில் அத்தாயே வெளிப்படுகிறாள். விதவையாயிருந்தும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மகனைத் தொழில் பழகவைத்தவள். ஆண்டுக்கு 30 பவுண் கொடுத்து ஒதுக்கி வைக்கப்பட்டவள். பெற்றவளின் உழைப்பையே மறைத்தவன் நெசவாளியின் உழைப்பை ஒப்புக்கொள்வதெங்ஙனம்?

இப்பொய்யை இத்துணைத் துல்லியமாகப் பிடித்த டிக்கன்ஸ், தொழிற்சங்கத்தின் முன் தடுமாறுகிறார். 1854இல் பிரெஸ்ரன் வேலைநிறுத்தத்தை நேரிற் கண்டு, தொழிலாளர் கூட்டத்தின் ஒழுங்கைக் கட்டுரையிற் பாராட்டியவர் அவர். நாவலின் சங்கப் பேச்சாளன் ஸ்லாக்பிரிட்ஜோ வெறுங் கேலிச்சித்திரம். ஆசிரியரின் பரிவு முழுவதும் சங்கத்திற் சேர மறுக்கும் ஸ்டீபனுக்கே. கடன்பட்ட தந்தை சிறையிலிருக்க, 12 வயதிற் சப்பாத்துமைத் தொழிற்சாலையில் வேலைசெய்த டிக்கன்ஸ் பேனாவால் உயர்ந்தவர். அவ்வறுமை இரக்கத்தைத் தந்தது. தனித்து உயர்ந்தமை கூட்டுப் போராட்டத்தில் நம்பிக்கை கொள்ள விடவில்லை என்றே கருதுகிறேன். கைவிடப்பட்ட சுரங்கக் குழியில் விழுந்து இறக்கும் ஸ்டீபன், மனிதர் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள வேண்டுமெனப் பிரார்த்திக்கிறான். செல்வத்திற் பங்கு கேட்க அவனை டிக்கன்ஸ் விடவில்லை.