செகந்தராபாத் என்று சொல்லிப் பழகுங்கள்

அசோகமித்திரன் பெயரை எடுத்தால், "பெரிய எழுத்தாளர்தான், ஆனால் கதையில் ஒன்றுமே நடக்காதே" என்று நழுவிவிடுகிறார்கள். ஹைதராபாத் நிஜாம் ஆட்சியின் கடைசி மாதங்கள், நிஜாம் பக்கம் நின்ற ரஜாக்கர் படை, அகதிகள், ராணுவ நுழைவு எல்லாம் அவருடைய '18வது அட்சக்கோடு' நாவலில் இருக்கின்றன. இதற்குமேல் என்னதான் நடக்க வேண்டும்?

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடலாம். இயற்பெயர் தியாகராஜன். 1931இல் செகந்தராபாத்தில் பிறந்தார். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அப்பா இறந்தபின் 1952இல் சென்னைக்கு வந்து ஜெமினி ஸ்டூடியோவில் சேர்ந்தார். பிறகு எழுத்தே வாழ்க்கை. 2017இல் மறைந்தார். ஊரைவிட்டு வந்து இருபத்தைந்து வருடம் கழித்து, 1977இல் இந்த நாவல்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். இதை 'ஹைதராபாத் நாவல்' என்று எழுதும் விமர்சகர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஹுசேன் சாகர் ஏரிக்கு அந்தப் பக்கம்தான் ஹைதராபாத். சார்மினார், நவாபுகள், அரண்மனைகள். இந்தப் பக்கம் வெள்ளைக்காரப் பட்டாளத்தை வைத்து வளர்ந்த செகந்தராபாத். பாரக்ஸ், பரேட் மைதானம், ரயில்வே குடும்பங்கள், ஆங்கிலோ இந்தியர்கள், பிழைக்க வந்த தமிழர்கள். நடுவே டாங்க் பண்ட் என்கிற ஏரிக்கரைச் சாலை. சமஸ்தானத்தின் பெயரே ஹைதராபாத்தானே என்பார்கள். இருக்கட்டும். நாவல் சமஸ்தானம் முழுக்கவா நடக்கிறது? லான்சர் பாரக்ஸில் அல்லவா நடக்கிறது! கதாநாயகன் சந்திரசேகரன் நிஜாமின் பிரஜை. வீட்டில் தமிழ், வெளியே உருது, மைதானத்தில் கிரிக்கெட். ராஜ விசுவாசமும் கிடையாது, போய் ஒண்டிக்கொள்ள வேறு ஊரும் கிடையாது. 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழையும்போது அவனுக்குப் பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்தை எந்த முகத்தோடு பார்ப்பது என்று தெரியவில்லை. ஏரிக்கு இந்தக் கரையில் நின்று படித்தால்தான் அந்தத் திண்டாட்டம் பிடிபடும்.

சொந்த ஊர் என்றாலே பிரியாணி மணத்தையும் அந்தி வெயிலையும் தூவி எழுதுவது இப்போதைய மோஸ்தர். அது சுற்றுலாத் துறை பார்க்க வேண்டிய வேலை. அசோகமித்திரன் ஓர் இடத்தின் பெயரைச் சொல்லுவார், அடுத்த வரிக்குப் போய்விடுவார். அதனால் வர்ணனையைத் தேடாதீர்கள். சந்திரசேகரன் எந்த வழியாகப் போகிறான், யாரைக் கண்டு ஒதுங்குகிறான் என்று மட்டும் பாருங்கள். தெருக்கள் அதேதான், பயம்தான் புதிது. கதை திடீரென்று 'நான்' என்றும் 'அவன்' என்றும் மாறும். அச்சுப்பிழை அல்ல, மிரளாமல் போய்க்கொண்டே இருங்கள்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். முன்னுரை இருந்தால் கடைசியில் படித்துக்கொள்ளுங்கள். இந்த நாவலைப் பற்றிப் பேச வருகிற பெரும்பாலோர் முடிவைப் போட்டு உடைக்காமல் எழுந்திருப்பதில்லை. கலவர நேரத்தில் சந்திரசேகரன் ஒரு வீட்டுக்குள் நுழைவான். அதற்குமேல் என் வாயிலிருந்து வராது.