தந்தையாட்சியும் குடியுரிமையும்: கான்ட் கொள்கை பற்றி ஒரு நோக்கு

பிரஷிய மன்னர் இரண்டாம் பிரெடரிக், 1740இல் வெளிவந்த தம் நூலில், அரசன் மக்களின் முதற் பணியாளன் என்றார். குடிதழுவிக் கோலோச்சும் மன்னனைப் போற்றும் தமிழ் உள்ளத்திற்கு இது இனிக்கும். ஆயினும் அப்பணியாளனைத் தேரவோ நீக்கவோ மக்களுக்கு உரிமையில்லை.

இக்குறையை நன்குணர்த்தியவர் ஜெர்மானியப் பேரறிஞர் இம்மானுவேல் கான்ட். தந்தை சிறுவரைப் பேணுதல்போல அரசன் குடிகளைப் பேணுவானாயின், அதுவே கொடுங்கோன்மைகளுள் தலையாயது என 1793இல் அவர் எழுதினார். தமக்கு நன்று எது, தீது எது எனத் தேரவியலாத குழந்தைகளாக அவ்வாட்சி மக்களை ஆக்கிவிடும் என்பது அவர்தம் வாதம்.

இதன் ஆழத்தை வட்டகொடை போன்ற தேயிலைத் தோட்டங்களின் வரலாறு அறிந்தோர் எளிதில் உணர்வர். லயத்து அறையும் அரிசியும் மருந்தும் துரையின் கையினின்றே வந்தன. துரை நல்லவராயினும், பிரட்டுக்களத்தில் நின்றோர் தம் வாழ்வைத் தாமே வகுத்தவர் அல்லர்.

எனினும் கான்ட் ஓரிடத்தில் இடறுகின்றார். பிறரைச் சார்ந்து பிழைப்போர்க்கும், பெண்கள் அனைவர்க்கும் வாக்குரிமை இல்லையென 1797இல் அவர் வகுத்தார். மனிதர் என்ற நிலையில் அவர்தம் சமத்துவம் குன்றாது என்றும், முயன்று உயர வழி திறந்திருத்தல் வேண்டும் என்றும் அவர் சேர்த்துரைத்தது உண்மையே. ஆனால் அவர் காட்டும் சான்றுகள் நம்மைத் திடுக்கிடச் செய்கின்றன: ஒருவர் வீட்டாசிரியர், மற்றொருவர், உலைத் துருத்தியுடன் வீடுதோறும் சென்று தொழில் செய்யும் இந்தியக் கொல்லர். கான்ட்டே இளமையில் வீட்டாசிரியராயிருந்தவர் அன்றோ!

சார்ந்து வாழ்தல் தந்தையாட்சியின் விளைவு. அவ்விளைவையே உரிமை மறுப்புக்குக் காரணமாக்குதல் முறையாகுமா? 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. லயத்தில் வாழ்ந்தோர் தம் கருத்தைத் தாமே உரைக்க வல்லர் என்பதற்கு வேறு சான்று வேண்டா. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் அவருட் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. அங்கே தடையாய் நின்றது பிறப்புவழி; கான்ட் கூறியது சார்பு. காரணம் வேறாயினும் விளைவு ஒன்றே. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இரு அரசாங்கங்கள், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என மாந்தரை எண்ணிக்கையாற் பங்கிட்டன. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது.

தன் காலில் நின்றபின் வாக்கு என்றார் கான்ட். கால் ஊன்றி நிற்பதற்குரிய நிலமே வாக்கு என்கிறது மலைநாட்டு வரலாறு.