வெள்ளிக்கு அடுத்தது திங்கள்

மும்பை கிங்ஸ் சர்க்கிளில் மகேஸ்வரி உத்யானத்தை ஒட்டிய பழைய கட்டடமொன்றில் வசிக்கும், கோட்டை வட்டாரத்து ஆபீஸில் ஆயுள் முழுதும் கணக்கெழுதி ஓய்வு பெற்ற என் நண்பர், அன்றாடம் சந்தை முடிந்ததும் எக்செல் தாளில் வரையும் சென்செக்ஸ் கோட்டை, சண்முகானந்த சபையில் ஆலாபனை கேட்கும் சிரத்தையோடு பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

தேதிகளைக் கண்ட மாத்திரத்தில் எக்செல் தானாகவே நாட்காட்டி அச்சை அமைத்து, சந்தை மூடியிருந்த சனி, ஞாயிறுகளுக்கும் இடம் ஒதுக்கிவிடுகிறது. அதனால் வெள்ளிக்கும் திங்களுக்கும் இடையே மூன்று நாள் அகலம் விழுந்து, திங்களன்று சந்தை தடாலென்று சரிந்திருந்தாலும், அந்தச் சாய்வு மூன்றில் ஒரு பங்காகத் தணிந்து, ஏதோ நிதானமாக இறங்கியது போன்ற பிரமையை உண்டாக்குகிறது. நண்பருக்கு இது சகிக்காது.

வார இறுதியை விலக்கச் சூத்திரங்கள் உண்டு. எக்செலுக்குத் தேதி என்பது 1900 ஜனவரி 1 முதல் எண்ணிய வெறும் எண்ணே. இக்காலத்துத் தேதி எதையும் ஏழால் வகுத்தால் சனிக்கு மீதி 0, ஞாயிறுக்கு 1. மீதி அதற்கு மேற்பட்ட நாட்களை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். இதன் லாகவம் என்னை வெகுவாகக் கவர்ந்ததுண்டு. ஆயினும் 2025 பிப்ரவரி 1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: அதன் எண் 45689, மீதி 0, சனிக்கிழமை, ஆனால் பட்ஜெட் தினமாதலால் சந்தை திறந்திருந்தது. 2023 தீபாவளியோ ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலை முகூர்த்த வர்த்தகம் நடந்தது. இவ்விரண்டையும் அச்சூத்திரம் தள்ளிவிடும். வாரத்தின் நடுவே வரும் விநாயக சதுர்த்தி விடுமுறையையோ வெற்றிடமாக விட்டுவைக்கும்.

ஆகவே நண்பர் கிழமையைப் பார்ப்பதே இல்லை. வர்த்தகம் நடந்த நாட்களை மாத்திரம் தாளில் எழுதி, அச்சின்மேல் வலது கிளிக் செய்து, அதன் வகையை உரை அச்சாக மாற்றிவிடுகிறார். எழுதிய நாளெல்லாம் சம அகலம் பெற, வெள்ளிக்குப் பக்கத்திலேயே திங்கள் வந்து நிற்க, சரிவு தன் முழுச் செங்குத்தோடு புலப்படுகிறது. நாட்காட்டி அச்சு தேதிகளைத் தானே வரிசைப்படுத்தும், உரை அச்சோ தாளில் உள்ளபடியே வரையும் என்பதால், பழையது மேலும் புதியது கீழுமாக வரிசை பிசகாதிருக்கிறதா என்று அவர் ஒவ்வொரு முறையும் விரல் வைத்துச் சரிபார்ப்பார்.

அடுத்த தாளில், தமது வைப்புத் தொகைக்கு நாள்தோறும் சேரும் வட்டியை வரைந்திருக்கிறார். வட்டி ஞாயிறன்றும் ஏறுவதாகையால், அங்கே நாட்காட்டி அச்சையே அப்படியே வைத்திருக்கிறார்.